புழுங்கல் அரிசி சொன்ன உண்மை: ஒரு மருத்துவ ஆய்வை எப்படிப் படிப்பது?

மாணவர்களே, "ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று தொடங்கும் செய்திகள் நாள்தோறும் நம் கைப்பேசிக்கு வந்து சேருகின்றன. ஒரு சாறு நீரிழிவைப் போக்கும் என்கிறது ஒன்று. ஒரு விதை இதயத்தைக் காக்கும் என்கிறது இன்னொன்று. அந்த ஆய்வை யார் செய்தார்கள், எத்தனை பேரிடம் செய்தார்கள், யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டால் அந்தச் செய்தியில் பதில் இருப்பதில்லை.

மருத்துவரும் தாதியரும் மருந்தாளரும் உணவியலாளரும் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகியவர்கள். புதிய சிகிச்சை ஒன்றை ஏற்பதற்கு முன் அதைப் பற்றி வெளிவந்த ஆய்வுக் கட்டுரையைப் படிக்கிறார்கள். அப்படிப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. அதை நீங்களும் கற்றுக்கொள்ளலாம். எடுத்துக்காட்டுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. 1905-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கிய ஓர் ஆய்வே நமக்குப் போதும். அதன் நடுவில் இருப்பது நம் வீட்டுச் சமையலறையில் உள்ள புழுங்கல் அரிசி.

கால் மரத்துப் போகும் நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் ஒரு நோய் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கியது. முதலில் கால்கள் மரத்துப் போகும். பிறகு நடை தளரும். சிலருக்குத் தசை சுருங்கி எழுந்து நிற்கவே முடியாமல் போகும். வேறு சிலருக்குக் காலும் வயிறும் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் செயலிழந்து உயிர் போகும். இதன் பெயர் பெரிபெரி.

அது கிருமிகளின் காலம். காசநோய்க்கும் வாந்திபேதிக்கும் கிருமிகளே காரணம் என்று அறிவியலாளர்கள் அடுத்தடுத்து மெய்ப்பித்துக் கொண்டிருந்தார்கள். ஆகவே பெரிபெரிக்கும் ஒரு கிருமிதான் காரணமாக இருக்கும் என்று பலர் நம்பினார்கள். நோய் ஒரே கட்டடத்தில் தங்கியிருப்போரைக் கூட்டமாகத் தாக்கியது இந்த நம்பிக்கைக்கு வலு சேர்த்தது.

கவனிப்பிலிருந்து கருதுகோள்

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் பிராடன் ஒன்றைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்களிடையே பெரிபெரி மிகுதியாக இருந்தது. அதே ஊரில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழர்களிடம் அது மிக அரிது. கிராமத்து மலாய்க்காரர்களிடமும் அப்படியே.

இவர்கள் எல்லாருக்கும் சோறுதான் உணவு. ஆனால் அரிசி வேறு. சீனத் தொழிலாளர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. மலாய்க் கிராமங்களில் நெல்லை வீட்டிலேயே குத்திச் சமைத்தார்கள். தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. அதாவது நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அதன் பிறகு உமி நீக்கிய அரிசி.

ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி நாள்பட வைத்திருக்கும்போது அதில் ஒரு நஞ்சு உண்டாகிறது, அதுவே பெரிபெரிக்குக் காரணம் என்று பிராடன் கருதினார். இதை விரிவான நூலாகவும் 1907-இல் வெளியிட்டார்.

இங்கே நிறுத்திச் சிந்தியுங்கள். பிராடன் கண்டது ஒரு தொடர்பு மட்டுமே. சீனர்களும் தமிழர்களும் அரிசியில் மட்டுமா வேறுபட்டார்கள்? தங்கும் இடம் வேறு, தொழில் வேறு, குடிக்கும் நீர் வேறு, சோற்றோடு சேரும் கறி வேறு. இவற்றில் எது காரணம் என்று வெறும் கவனிப்பால் பிரித்துச் சொல்ல முடியாது. கவனிப்பு நமக்கு ஒரு கருதுகோளைத் தரும். அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஒற்றை எண், இரட்டை எண்

1905-இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் பெரிபெரி பரவிப் பலர் இறந்தார்கள். அங்கே பொறுப்பிலிருந்த மருத்துவர் வில்லியம் பிளெட்சர் அரிசிக் கருத்தைச் சோதிக்க முடிவு செய்தார். ஆய்வு 1905 டிசம்பரில் தொடங்கி 1906-இன் இறுதி வரை நடந்தது.

அவர் செய்தது எளிது. நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். ஒற்றை எண் வந்தவர்கள் ஒரு வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்குச் சயாம் வெள்ளை அரிசி. இரட்டை எண் வந்தவர்கள் மற்றொரு வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவு இரு பிரிவுக்கும் ஒன்றே. ஆய்வுக் காலத்தில் ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 120 பேர் இருந்தார்கள்.

தமிழ்ப்பள்ளி அறிவியல் வகுப்பில் படித்த மாறிகளை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். தற்சார்பு மாறி அரிசியின் வகை. சார்பு மாறி பெரிபெரி வந்தவர்களின் எண்ணிக்கை. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் மற்ற உணவு, பராமரிப்பு, விடுதிச் சூழல். நீங்கள் செடி வளர்த்துச் செய்த அதே சோதனை அமைப்புதான் இது.

ஏன் ஒற்றை, இரட்டை என்று எண்ண வேண்டும்? மருத்துவரே தம் விருப்பப்படி பிரித்திருக்கலாமே? அப்படிச் செய்தால் அவரையும் அறியாமல் திடமானவர்களை ஒரு பக்கமும் நலிந்தவர்களை மறுபக்கமும் சேர்த்துவிடக்கூடும். பிறகு ஒரு பிரிவில் நோய் குறைந்தால் அதற்குக் காரணம் அரிசியா, ஆளா என்று தெரியாது. எண்ணிப் பிரிக்கும்போது வயதானவரும் இளையவரும், திடமானவரும் நலிந்தவரும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகக் கலந்துவிடுகிறார்கள்.

இன்று இந்த வேலையைக் கணினி செய்கிறது. ஒற்றை, இரட்டை முறையில் ஒரு குறை உண்டு. அடுத்து வருபவர் எந்தப் பிரிவுக்குப் போவார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒருவர் வரிசையில் இடம் மாற்றி நிறுத்தினால் போதும், சமநிலை கெடும். கணினி தரும் தற்செயல் எண்ணை யாரும் முன்னறிய முடியாது.

கட்டடமா, சோறா?

பிளெட்சருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். இரு பிரிவும் வெவ்வேறு வார்டில் இருக்கிறார்கள். வெள்ளை அரிசிப் பிரிவில் நோய் கூடினால், "அந்த வார்டில்தான் கிருமி இருக்கிறது" என்று எதிர்த்தரப்பார் சொல்லிவிடலாமே?

அதற்கு அவர் கண்ட வழி அழகானது. 1906-இன் நடுப்பகுதியில் இரு பிரிவினரையும் வார்டு மாற்றினார். அரிசி மட்டும் மாறவில்லை. வெள்ளை அரிசி உண்டவர்கள் மறுபக்க வார்டுக்குப் போயும் வெள்ளை அரிசியே உண்டார்கள். கிருமி கட்டடத்தில் இருந்தால், இனி நோய் புழுங்கல் அரிசி உண்பவர்களைத் தாக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. நோய் வெள்ளை அரிசி உண்டவர்களோடு இடம் பெயர்ந்தது.

ஓர் ஆய்வைப் படிக்கும்போது இதைத் தேடுங்கள். தங்கள் கருத்துக்கு எதிரான விளக்கத்தை ஆய்வாளர்களே எடுத்து வைத்து அதைச் சோதித்திருக்கிறார்களா? சோதித்திருந்தால் அந்த ஆய்வுக்கு மதிப்பு கூடும்.

எண்கள் என்ன சொல்கின்றன?

ஆய்வின் முடிவு இது. வெள்ளை அரிசிப் பிரிவில் 30-க்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி வந்தது. அவர்களில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் பெரிபெரி இருந்தவர்கள் 2 பேர். அந்த இருவருக்கும் விடுதியில் சேர்ந்தபோதே நோய் இருந்தது. அந்தப் பிரிவில் பெரிபெரியால் இறந்தவர் எவரும் இல்லை.

இது தற்செயலாக நடந்திருக்குமா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். அரிசிக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்போது ஒவ்வோர் இறப்பும் எந்தப் பிரிவிலும் நிகழலாம். நாணயத்தைச் சுண்டுவதைப் போல வாய்ப்பு பாதிக்குப் பாதி. 18 இறப்பும் வெள்ளை அரிசிப் பிரிவிலேயே விழ வேண்டும் என்றால், 18 முறை சுண்டி 18 முறையும் தலையே விழ வேண்டும். இரண்டை 18 முறை பெருக்கினால் 262,144. ஆக வாய்ப்பு 262,144-இல் ஒன்று. தற்செயல் என்று சொல்லித் தப்ப முடியாது.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதும் இதிலிருந்து புரியும். வெள்ளை அரிசிப் பிரிவில் இருவர் இறந்து மறு பிரிவில் எவரும் இறக்கவில்லை என்றால், அது தற்செயலாக நிகழும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. "என் மாமாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் குணமாகிவிட்டது" என்ற பேச்சை மருத்துவ உலகம் சான்றாக ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

முடிவு வேறு, விளக்கம் வேறு

பிளெட்சரின் கட்டுரை 1907-இல் லண்டனில் வெளிவரும் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. அதில் அவர் எழுதிய முடிவுரையே ஒரு பாடம். தீட்டிய வெள்ளை அரிசி நேராகவோ மறைமுகமாகவோ பெரிபெரிக்குக் காரணம் என்றார். ஆனால் எப்படிக் காரணம் என்பதற்கு மூன்று வாய்ப்புகளைச் சொன்னார். அரிசியில் ஒரு நஞ்சு இருக்கலாம். அதில் புரதம் குறைவாக இருக்கலாம். அல்லது அந்த உணவு உடலை நலிவாக்கி, நோய்க் கிருமி எளிதில் நுழைய வழிவிடலாம்.

இன்று நமக்குத் தெரியும், இந்த மூன்றுமே சரியில்லை. ஆனாலும் அவர் ஆய்வு சரி. எது நோயைத் தருகிறது என்று அவர் காட்டிவிட்டார். எப்படித் தருகிறது என்பதைக் காட்ட அவர் ஆய்வு அமைக்கப்படவில்லை. அதனால் அதை முடிந்த முடிவாகச் சொல்லாமல் வாய்ப்புகளாக நிறுத்திக் கொண்டார். தரவு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரமே பேச்சும் போக வேண்டும்.

காட்டுக்குள் மறுபடியும் ஒரு சோதனை

ஓர் ஆய்வு போதுமா? விடுதியில் உள்ள நோயாளிகளுக்குப் பொருந்துவது உழைக்கும் தொழிலாளிக்கும் பொருந்துமா? இதைக் கேட்டவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும். 1900-இல் தோன்றிய அந்தக் கழகம் இன்றும் மலேசியச் சுகாதார அமைச்சின் கீழ் இயங்கி வருகிறது.

அவர்கள் நெகிரி செம்பிலானில் டுரியான் திப்புஸ் பகுதிக்குப் போனார்கள். அங்கே காட்டுக்குள் சாலை போட வந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். முன்பு யாரும் வசிக்காத இடம். கொட்டகைகளும் புதியவை. ஆகவே பழைய கட்டடத்துக் கிருமி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. ஏறத்தாழ மூன்று மாதங்களில் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் பெரிபெரி தலைகாட்டியது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் அங்கே நோய் நின்றது. வெள்ளை அரிசிக்கு மாறிய மறு கூட்டத்தில் பின்னர் நோய் தோன்றியது. இந்த முடிவுகள் 1909-இல் வெளிவந்தன.

வேறு இடம், வேறு மக்கள், வேறு ஆய்வாளர்கள். விடை மட்டும் அதே. 1910-இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவச் சங்க மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியையே முதன்மை உணவாகத் தொடர்ந்து உண்பதற்கும் பெரிபெரிக்கும் தொடர்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டது.

தவிட்டில் இருந்தது என்ன?

விளக்கத்தின் மறுபாதி பக்கத்து நாட்டில் இருந்தது. இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன் கோழிகளுக்கும் பெரிபெரி போன்ற நரம்புத் தளர்ச்சி வருவதைக் கண்டார். மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்றபோது கோழிகள் நோயுற்றன. தீட்டாத அரிசிக்கு மாறியபோது தேறின. வெள்ளை அரிசியில் ஒரு நஞ்சும், தவிட்டில் அதற்கு மாற்று மருந்தும் இருப்பதாக எய்க்மன் எண்ணினார்.

அவருக்குப் பின் அந்த வேலையைத் தொடர்ந்த கெரிட் கிரெய்ன்ஸ் அதை வேறு வழியில் சோதித்தார். அரிசியே இல்லாமல், மிகுந்த வெப்பத்தில் வேகவைத்த இறைச்சியைக் கொடுத்தார். அப்போதும் கோழிகள் நோயுற்றன. அரிசி இல்லாத இடத்தில் அரிசி நஞ்சு எப்படி வந்தது? நாம் கஞ்சி காய்ச்சிக் குடிக்கும் பச்சைப் பயறு அந்த நோயைப் போக்கியது. ஆக, உணவில் நஞ்சு இருப்பதால் நோய் வரவில்லை. இருக்க வேண்டிய ஒன்று இல்லாததால் வந்தது. 1901-இல் அவர் இதை எழுதினார். ஆனால் டச்சு மொழியில் வந்த அந்தக் கட்டுரை உலகெங்கும் பரவ நாளாயிற்று.

அந்த "ஒன்று" இன்று வைட்டமின் பி1, அதாவது தயமின். 'வைட்டமின்' என்ற சொல்லை 1912-இல் உருவாக்கியவர் காசிமிர் பங்க். 1926-இல் பத்தாவியாவில் ஜான்சன், டோனாத் இருவரும் தயமினைத் தனித்துப் பிரித்தார்கள். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்த அமெரிக்கர் ராபர்ட் வில்லியம்ஸ் 1936-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தார். எய்க்மன் 1929-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

நம் உடலின் உயிரணுக்கள் குளுக்கோசிலிருந்து ஆற்றல் பெறத் தயமின் துணை நிற்கிறது. அது இல்லையேல் ஓயாமல் ஆற்றல் கேட்கும் நரம்பும் இதயமும் முதலில் தளரும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1.1 முதல் 1.2 மில்லிகிராம் தயமின் போதும். ஆனால் உடல் அதைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை.

தயமின் தவிட்டிலும் முளையிலும்தான் மிகுதி. அரிசியைத் தீட்டும்போது இரண்டும் போய்விடுகின்றன. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, நீரில் கரையும் தயமின் தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. மாவுப்பொருளும் இறுகி அதைப் பிடித்துக் கொள்கிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி உள்ளேயே நிற்கும். தோட்டப்புறத் தமிழர்கள் பெரிபெரிக்குத் தப்பியது இப்படித்தான். நெல் அவித்த நம் முன்னோருக்கு வைட்டமின் தெரியாது. அவர்கள் பழக்கம் காத்தது. ஏன் காத்தது என்பதை ஆய்வு சொன்னது.

கேட்க வேண்டிய கடினமான கேள்வி

அந்த 18 பேரை மறந்துவிடக் கூடாது. அவர்கள் மனநலம் குன்றியவர்கள். "இந்தச் சோதனைக்குச் சம்மதமா?" என்ற கேள்விக்கு விடை சொல்லும் நிலையில் இல்லாதவர்கள். காட்டில் சாலை போட்டவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு எவ்வளவு இருந்திருக்கும்?

வெள்ளை அரிசி அன்று விடுதிகளிலும் சிறைகளிலும் வழக்கமாகக் கொடுத்த உணவுதான். அது கொல்லும் என்று உறுதியாக யாருக்கும் தெரியாது என்பது ஒரு பக்கம். ஒரு பிரிவில் இறப்பு கூடிக்கொண்டே போனபோது எந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்பது மறுபக்கம்.

இன்று இதற்கு விதிகள் உண்டு. 1947-இல் நியூரம்பர்க் நெறிமுறையும், 1964-இல் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சின்கி பிரகடனமும் வந்தன. ஆய்வில் சேர்பவர் விவரமறிந்து சம்மதிக்க வேண்டும். விரும்பும்போது விலகலாம். நெறிமுறைக் குழு அனுமதி தந்த பிறகே ஆய்வு தொடங்க வேண்டும். பெரிய ஆய்வுகளில் ஒரு தனிக் குழு இடையிடையே எண்களைப் பார்க்கும். ஒரு பிரிவுக்குக் கேடு தெளிவாகத் தெரிந்தால் ஆய்வை நிறுத்தச் சொல்லும். பிளெட்சரின் ஆய்வு இன்றாக இருந்தால் ஓராண்டு ஓடியிருக்காது.

இன்றைக்கும் இது பழங்கதை அல்ல

2003-இல் இஸ்ரேலில், தயமின் போதாத சோயாப் பால் மாவைக் குடித்த கைக்குழந்தைகள் கடுமையாக நோயுற்றார்கள். சில குழந்தைகள் இறந்தார்கள். நீண்ட நாள் மது அருந்துவோருக்கும், நெடுங்காலம் சரியாக உண்ணாதவருக்கும் தயமின் குறைவு வருகிறது. மிக நலிந்த நிலையில் மருத்துவமனைக்கு வருபவருக்கு உணவோ குளுக்கோசோ கொடுப்பதற்கு முன் தயமின் கொடுப்பது இன்றைய நடைமுறை. அதை நினைவில் வைத்துச் செய்யும் தாதியும் உணவியலாளரும் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

இனி "ஆய்வு சொல்கிறது" என்று யாராவது சொன்னால் இவற்றைக் கேளுங்கள். எங்கே வெளிவந்தது? எத்தனை பேர்? ஒப்பிட மறு பிரிவு இருந்ததா? யார் எந்தப் பிரிவு என்பதை எப்படி முடிவு செய்தார்கள்? வேறு விளக்கம் சாத்தியமா? வேறு யாராவது மறுபடி செய்து அதே விடை கண்டார்களா? கலந்துகொண்டவர்கள் சம்மதித்தார்களா?

பயிற்சி

1. பிளெட்சர் வார்டை மாற்றாமல் இருந்திருந்தால், அவர் முடிவை எதிர்ப்பவர் என்ன வாதம் வைத்திருக்கலாம்?

2. வெள்ளைச் சோற்றையும் புழுங்கல் சோற்றையும் பார்த்ததுமே வேறுபாடு தெரியும். நோயைக் கணக்கெடுத்த மருத்துவருக்கு யார் எதை உண்கிறார் என்பது தெரிந்திருக்கும். இது முடிவைப் பாதிக்குமா? நோயின் எண்ணிக்கையை அதிகம் பாதிக்குமா, இறப்பின் எண்ணிக்கையையா? காரணம் எழுதுக.

3. வெள்ளைச் சோறு சாப்பிடும் நம்மில் பெரும்பாலோருக்கு இன்று பெரிபெரி வருவதில்லை. ஒரு நாள் முழுவதும் நீங்கள் உண்டவற்றைப் பட்டியலிட்டு, தயமின் எதிலிருந்து கிடைத்திருக்கும் என்று உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கலந்து பேசுக.

4. அண்மையில் உங்களுக்கு வந்த உடல்நலச் செய்தி ஒன்றை எடுத்து, மேலே உள்ள கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். எத்தனைக்கு விடை கிடைக்கிறது?